விமானம் மாறுவதற்குள் ஒரு காதுகுத்து

சக்திவேலுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சரக்குக் கப்பலில் சமையல்காரன்; குழம்பில் உப்பு தூக்கல் என்று கேப்டனே சொன்னாலும் மூன்று நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டான். சோறு மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். இப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது தங்கை சுபத்ரா ஒருத்திதான். அவளோடும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

சென்னையில், குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது சுபத்ரா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவளுக்குத் தலை பின்னிவிட்டது, டப்பா கட்டிக்கொடுத்தது எல்லாம் இவன்தான். அவன் பின்னிய சடை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று நிற்கும். அவள் அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள்; ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் தாய்மாமனை விசேஷத்துக்கு அழைப்பது சாதாரணக் காரியமல்ல. வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி எல்லாம் தட்டில் வைத்து, எதிரே வந்து நின்று, "வா" என்று வாயாரக் கூப்பிட வேண்டும். சுபத்ராவின் வளைகாப்புக்கு இவனுக்கு வந்ததோ வாட்ஸப்பில் ஒரு படம். கப்பலிலிருந்து இறங்கி நேரே மண்டபத்துக்குப் போனான். வாசலில் நின்றான். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பி நடந்தான். பின்னாலேயே சுபத்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உன்னை தட்டு வச்சு கூப்டறதுக்கு நீ இன்னா மூணாம் மனுஷனாண்ணா?"

"மூணாம் மனுஷனா இருந்தா கூப்ட்டிருப்ப."

அவ்வளவுதான். அன்று ராத்திரி ஆத்திரத்தில் போனை எடுத்து என்னென்னவோ செய்தான். மறு வாரம் கப்பல் ஏறிவிட்டான். மூன்று வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது கடலில் அவன் சுமந்து திரிந்த பெரிய மனக்குறை.

போன மாதம் அவள் புருஷன் ஹரிபிரசாத்தான் கூப்பிட்டான். குழந்தைக்குக் குன்றத்தூர் மலைக்கோயிலில் காதுகுத்து. சக்திவேல் மும்பையிலிருந்து சென்னை வந்து, சிங்கப்பூர் விமானம் மாறி, கப்பல் ஏறப்போகிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே நாளில் வைத்திருந்தார்கள். "காலைல இறங்குறீங்க, சாயங்காலம்தான அடுத்த ஃப்ளைட்டு? நேரா கோயிலுக்கே வந்துருங்க மச்சான். உங்க மடிலதான் குத்தணும்." குழந்தைக்கு சக்திவேல், சுபத்ராவின் அம்மா பெயரையே வைத்திருந்தார்கள், செல்லியம்மாள் என்று. கூப்பிடுவது செல்லி. இவன் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மும்பையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கினான். சிவப்புக் கல் வைத்தது. பிஞ்சுக் காதுக்குப் பாரமாக இருக்குமோ என்று உள்ளங்கையில் வைத்து வைத்துப் பார்த்தான்.

மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்ததும் முதலில் தட்டைத்தான் தேடினான். பெயர் எழுதிய அட்டை பிடித்து நின்றார்கள், பூங்கொத்தோடு நின்றார்கள். தட்டோடு யாரும் இல்லை. அங்கேயே சுருக்கென்றது.

எதிரே திரிசூலத்தில் ரயில் பிடித்துக் குரோம்பேட்டையில் இறங்கினான். முகச்சவரம் செய்துகொண்டான். பொங்கல் சாப்பிட்டான். காசு கொடுத்துக் குளிக்கிற இடத்தில் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டான். தாய்மாமனுக்கு வேண்டிய லட்சணமெல்லாம் வந்துவிட்டது, கோயிலுக்குக் கிளம்புகிற கால்தான் வரவில்லை. பழைய தெருவில் ஒரு நடை நடந்தான். அவர்கள் இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். ஹரிபிரசாத்தின் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. துண்டித்தான். கூப்பிட வேண்டியவள் கூப்பிடட்டும் என்று டீக்கடை பெஞ்சில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அது அவள் பெயரில் அடிக்கவே இல்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. அவளை இன்னும் ஒரு வருஷத்துக்குப் பார்க்க முடியாது. தட்டாவது, மண்ணாங்கட்டியாவது. கையில் கிடைத்த ஆட்டோவைப் பிடித்தான்.

பம்மல் மெயின் ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றன. "கொஞ்சம் சீக்கிரம் போங்க, காதுகுத்து" என்றான்.

"எனக்கு இன்னா றெக்கையா கீது சார்? முன்னாடி தண்ணி லாரி கீது பாரு" என்றார் ஆட்டோக்காரர். கண்ணாடியில் இவன் முகத்தைப் பார்த்தவர், அடுத்த சந்தில் ஒடித்து, எங்கெங்கோ புகுந்து புறப்பட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அடிவாரத்தில் ஒரு பூக்கடைப் பந்தலின் நிழலில் சுபத்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை, அழுது ஓய்ந்த விக்கலோடு. இரண்டு காதும் சிவந்து, பொட்டுப்பொட்டாகக் கம்மல். பக்கத்தில் தட்டு. வெற்றிலை வெயிலில் வாடிச் சுருண்டிருந்தது.

சக்திவேல் இறங்கி அவள் எதிரே போய் நின்றான்.

"காலைலேர்ந்து இங்கதாண்ணா நின்னுகினு இருந்தேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை. "நீ படியேறுறதுக்கு முன்னாடி கூப்டணும்னு. நல்ல நேரம் முடியப்போவுதுன்னு எல்லாரும் சத்தம் போடறவரைக்கும் நின்னேன்."

"ஒரு போன் பண்ணியிருந்தா நான்..."

"அவரு பண்ணாரே."

"அவருதான பண்ணாரு. நீ பண்ணலயே."

சுபத்ரா அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். "என் நம்பரதான் நீ பிளாக் பண்ணி வச்சிகிறியேண்ணா. மூணு வருஷமா ரிங்கே போவல. இவ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து அடிச்சு அடிச்சுப் பாத்தேன்."

போனை எடுத்துப் பார்த்தான். வளைகாப்பு அன்றைய ராத்திரியில் செய்தது அப்படியே இருந்தது. செய்தவன் மறந்துவிட்டான். அவள் கூப்பிடவில்லை என்று மூன்று வருஷம் மனம் புழுங்கியதும் அவனேதான். போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

கடைசியில், "யார் மடியில குத்துனாங்க?" என்று கேட்டான்.

"யார் மடியிலயும் இல்ல. அவரோட பெரியம்மா பையன உக்காரச் சொன்னாங்க. நான் ஒத்துக்கல." தட்டிலிருந்து வேட்டியை எடுத்தாள். "உனக்கு எடுத்தது. இத மடிச்சு மணை மேல போட்டு, அதுல உக்கார வச்சேன்."

புது வேட்டியின் மடிப்பில் சந்தனமும், ஓரத்தில் ஒரு துளி ரத்தமும் இருந்தன.

அவன் குந்தி உட்கார்ந்து குழந்தையிடம் கையை நீட்டினான். செல்லி வீறிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இவன் யாரோ. தோட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"இப்ப மாத்த முடியாதுண்ணா. புண்ணு ஆறணும்."

"அடுத்த தடவை வரும்போது நானே..."

"அடுத்த தடவை இன்னாண்ணா குத்துறது? ரெண்டு காதுதான கீது." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

ஹரிபிரசாத் வந்து, "வாங்க மச்சான், இலை போட்டிருக்கு" என்றான். சுபத்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் திரும்பத் தட்டில் வைத்து, அதை இரண்டு கையாலும் ஏந்தி, அண்ணனுக்கு எதிரே நின்றாள்.

"வாண்ணா. வந்து சாப்டு."

கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். ஆனால் சிங்கப்பூர் விமானத்துக்கு அவன் இந்நேரம் உள்ளே போயிருக்க வேண்டும். வழியெல்லாம் பம்மல் நெரிசல். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தோட்டுப் பெட்டியை அதில் வைத்து, வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்தான். அன்றும் சாப்பிடாமல்தான் போனான்.

ஆட்டோவில் அவள் நம்பரை விடுவித்து, "ஏறிட்டேன்" என்று அனுப்பினான். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது: மணை, மடித்த வேட்டி, அதன்மேல் வாயைப் பிளந்து அழுகிற குழந்தை, பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தங்கையின் இரண்டு கைகள்.

விமானத்தில் கைப்பையை மேலே வைத்தான். வேட்டியை வைக்கவில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டான். பக்கத்து ஆள் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதுகொண்டே, சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.