அக்கா போட்டது வேண்டுதல் மொட்டை அல்ல

எங்கள் அக்கா மார்பகப் புற்றுநோயால் காலமானார். இந்த நினைவஞ்சலியில் ‘உடல்நலக் குறைவால்’ என்று அச்சிடும்படி பெரியவர்கள் சொன்னார்கள். அப்படி அச்சிட மாட்டேன்.

அக்கா பிறந்தது மணவூரில். அப்பா சீக்கிரமே போய்விட, கழனி வேலை செய்து தம்பியான என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். திருத்தணியில் வாழ்க்கைப்பட்டு, தன் கணவரான எங்கள் பாவாவோடு கோயில் மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை நடத்தினார்.

மார்பில் கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சை, பிறகு கீமோ. முடி முழுவதும் கொட்டியது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. “வேண்டுதலுக்கு மொட்ட போட்டுகினாங்கன்னு சொல்லிடலாம்” என்று யோசனை சொன்னவன் நான். எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யார் கேட்கப் போகிறார்கள்? தலையில் சந்தனம் பூசிக் கடையில் உட்கார வைத்தோம். சிலர் அவர் பக்தியை மெச்சிவிட்டுப் போனார்கள்.

அக்காவுக்கு வந்தது பெண் ஹார்மோனின் துணையால் வளரும் வகை. அதைத் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்தாண்டு. அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்தோம். கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று டப்பாவைப் பரண்மேல் போட்டவனும் நான்தான். மறுவீடு, விருந்து என்று பல மாதம் மாத்திரை நின்றுபோனது.

பிறகு நோய் எலும்பில் தெரிந்தது. “நிறுத்தினதாலயா டாக்டர்?” என்று கேட்டேன். “உறுதியா சொல்ல முடியாது. ஆனா நிறுத்தியிருக்கக் கூடாது” என்றார். அந்தப் பதில் என்னை இன்னும் விடவில்லை. மாத்திரையை மாற்றி, மாதாமாதம் ஊசியும் போட்டார்கள். அக்கா கடையை மூடவில்லை.

பேரனின் காதுகுத்துக்கு அம்மையார்குப்பத்திலிருந்து வந்த சித்தி மகள், தன் மார்பில் கட்டி இருப்பதை அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்காவுக்கு முன்பு ஏதோ உடம்பு என்பது மட்டுமே அவள் அறிந்தது. “ஆஸ்பத்திரி வேணாங்கா. மொட்ட போட்டதும் உனக்கு ஒடம்பு சரியாப் பூடுச்சே. நானும் வேண்டிகினு இருக்கேன்.”

அக்கா பந்தி நடுவில் போய் நின்றார்.

“நான் மொட்ட போட்டுகல. கேன்சர் மருந்துல கொட்டிச்சி. ஒரு மார எடுத்துட்டாங்க. இன்னும் மாத்திர சாப்டுகினுதான் கீறேன். யாருக்கு அசிங்கமா இருக்குதோ அவங்க எழுந்து போலாம்.”

யாரும் எழவில்லை. சம்பந்தியம்மா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

மறுநாளே அக்கா அவளைச் சென்னைக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார். அவளுக்கும் அதே வகைதான். கட்டி சிறியது, பரிசோதனை பார்த்துக் கீமோ வேண்டாம் என்றார்கள். அறுவை, கதிர்வீச்சு, இப்போது மாத்திரை. அவள் மாத்திரையை நடுக்கூடத்தில் வைத்துச் சாப்பிடுகிறாள்.

கடைசி வாரங்களில் அக்காவைத் தூக்கி உட்கார வைத்த செவிலியர்களுக்கும், இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்த பாவாவுக்கும், ஒருநாளும் முகம் சுளிக்காத சம்பந்தி வீட்டாருக்கும் கைகூப்புகிறோம். பொய்க்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி இல்லை. அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

இதைப் படிக்கும் பெண்களில் யாராவது ஒரு கட்டியை மறைத்துக்கொண்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நாளைக் காலை சென்னை வண்டிக்கே நான் துணைக்கு வருகிறேன். மலைக்கு அப்புறம் போகலாம். சாமி எங்கேயும் போய்விடாது.