ஒற்றைக் கையால் நகரும் மெஷின்

என் அக்கா வீட்டுக்காரர் தச்சர். தெருவில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். செய்து முடித்த மேஜையில் தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கச்சிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அறுக்கிற மெஷின், துளை போடுகிற மெஷின், இழைக்கிற மெஷின் மூன்றும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடியும். பக்கவாதம் வந்து அக்கா பின்னறையோடு முடங்கியபோது, அவளுடைய சக்கர நாற்காலி முன்னறைக்கு வர வழியே இல்லை. தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டாள்.

“என்னை மூட்டை மாதிரி தூக்காதீங்க. நாற்காலியோட ஜன்னல்கிட்ட போகணும். தெருவுல நாலு முகத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான்.”

மாமா மெஷின்களுக்குச் சக்கரம் பொருத்தத் தொடங்கினார். அடியில் வைத்த மிதியைக் காலால் அழுத்தினால் மெஷின் சக்கரத்தின் மேல் ஏறும். விட்டால் தன் காலில் உட்காரும், வேலையின்போது ஆடாது. இரண்டு மெஷின்கள் சட்டென்று முடிந்தன. இழைக்கிற மெஷின்தான் வார்ப்பிரும்பு யானை. ரப்பர் சக்கரம் நசுங்கியது. இரும்புச் சக்கரம் போட்டார். தள்ளும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது என்று கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வாரங்கள் ஓடின.

“நாலு பேரைக் கூப்பிட்டு நகர்த்தித் தொலைங்களேன், மாமா!” என்று கத்தினேன்.

“தினமும் நாலு பேர் வருவாங்களா? காலையில அவ உட்காரணும், அப்புறம் நான் வேலை பார்க்கணும். ஒத்தக் கையால நேரா தள்ளுற மாதிரி பண்ணிடுறேன். இன்னும் கொஞ்சம்தான்.”

அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள். “விடுடி. கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன். கட்டில் கால் ஆடுதுன்னு சரி பண்ணிட்டு இருந்தாராம்.”

அந்த வாரமே, தூக்கத்தில் அவள் போய்விட்டாள்.

உடம்பை முன்னறையில் கிடத்த வேண்டும். மெஷினை நகர்த்த அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் வந்தார்கள். மாமா கையைக் காட்டித் தடுத்தார். மிதியை அழுத்தி, ஒற்றைக் கையால் தள்ளினார். பாவி மெஷின் போயிற்று. ஒரு பக்கமாக லேசாக இழுத்தது, அவ்வளவுதான். சுவரோரம் போய் நின்றது. அறை முழுக்க வெளிச்சம்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுவே போதுமே,” என்றார் என்னைப் பார்த்து. “இதுவே போதுமா இருந்திருக்குமே.”

எத்தனையோ நாள் அவரைத் திட்டியவள் நான். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். அக்காவைக் கொண்டுவந்து கிடத்தியதும், அவள் முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.