மாடி வீட்டு அட்வான்ஸ்

சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஸ்டெல்லா இன்று வீட்டைக் காலி செய்தார். இரண்டு மாத வாடகை பாக்கியைக் கழித்தாலும் அட்வான்ஸில் மீதி தர வேண்டும். அதை நான் எப்போதோ செலவழித்துவிட்டேன்.

காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கழிக்க ஏதாவது சேதம் கிடைக்குமா என்று அறை அறையாகத் தேடினேன். சுவரில் ஓர் ஆணித் துளைகூட இல்லை.

கடைசியில் ஸ்டெல்லாவே பாத்ரூமுக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த வாஷ்பேசின் என்னாலதான் விரிசல் உட்டுச்சி. இதையும் கழிச்சிக்குங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "மீதிய அடுத்த மாசம் தரட்டுமாம்மா? கையில இல்ல."

"இதுக்கா காலையிலேர்ந்து செவுத்தத் தடவிக்கினு இருந்தீங்க?" என்று சிரித்தபடி சாவியைக் கொடுத்தார்.

அடுத்து வருபவர் தரும் அட்வான்ஸில்தான் இவருக்குக் கொடுக்க வேண்டும். யாராவது வீடு தேடுகிறீர்களா?