நூலகத்துக்குக் கோணியோடு போனோம்

சின்னக்கா! ஏ சின்னக்கா! நீ மஞ்சள் காமாலையில் போய் நாற்பது நாள் ஆகிறது. இன்னும் வீட்டுக்குள் நுழையும்போது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் வருகிறேன்.

நேற்று உன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஸ்ரீரங்கம் நூலகத்துக்குப் போனேன். வாசலில் நின்றதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோணி ஞாபகம்.

அப்போது உனக்குப் பதினாலு, எனக்குப் பத்து. நீ அஞ்சாவதோடு நின்றவள், நான் ரெண்டாவதோடு. அம்மாவுக்கு முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டுகிற வேலை. நூலகம் இருந்த தெருவும் அவள் பங்குதான். "எல்லாரும் உள்ள போய்ப் படிக்கிறாங்கடி, வீட்டுக்கும் எடுத்துட்டுப் போறாங்க" என்று அம்மா சொன்னதிலிருந்து உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முழுசாகப் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் உன் ஆசை.

டீக்கடையில் நம் ஜனங்களுக்குத் தனி டம்ளர், அதைக் கழுவி வைப்பதும் நாம்தான். நூலகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று, வீட்டிலிருந்த கோணியைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டாய். வாசலுக்கு வெளியே விரித்து உட்கார்ந்தோம். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் குனிந்து, "கீரை எல்லாம் வித்துப் போச்சா?" என்றே கேட்டுவிட்டாள்.

கடைசியில் நூலகர் வெளியே வந்தார்.

"ஏம்மா, கோணி எதுக்கு?"

"உக்காரத்தாங்க."

"உள்ள பெஞ்சு இருக்கே?"

"எங்களுக்குமாங்க?" என்றாய்.

"எல்லாருக்கும்தான். தடுத்தா, தடுக்கிறவனுக்குத்தான் ஜெயில். சட்டம் வந்து எவ்வளவு நாளாச்சு! எந்திரிச்சு வாங்க."

பெஞ்சு நுனியில் உட்கார்ந்தோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் விருட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். எனக்கு அழுகை முட்டியது. நீ என் காதில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நல்லா நகந்து உக்காருடி, அவரு நமக்கு எடம் விட்டிருக்காரு" என்றாய். நூலகர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிச் சிரித்தார்.

புத்தகம் வீட்டுக்கு வேண்டுமென்றால், நிரந்தர உத்தியோகத்தில் இருப்பவர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். உன் முகம் சுருங்கிப்போனது. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"முனிசிபாலிட்டி வேலை ஆகுங்களா?"

"பர்மனென்டா இருந்தா ஆகும். யாரு?"

நீ ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாய். எதிர்ச்சாரியில் அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார், பிறகு மை டப்பாவை எடுத்து வைத்தார். அம்மா உள்ளே வந்து, முந்தானையில் கையை மூன்று தரம் துடைத்துவிட்டுப் பெருவிரலை அழுத்தினாள். "புள்ள கிழிச்சுட்டா என்னையப் புடிச்சுட்டுப் போவாங்களா சாமி?" என்று வேறு கேட்டாள். அன்று மழை. புத்தகத்தைக் கோணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். நாம் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம்.

ஆறு வருஷம், எத்தனை புத்தகம்! எல்லாம் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாய். கடைசிப் புத்தகத்தில் நீ அடையாளத்துக்குத் தீக்குச்சி வைத்த இடத்துக்கு அப்புறம் பதினெட்டுப் பக்கம் மிச்சம். எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே முடித்துவிட்டேன் சின்னக்கா. கதையில் வருகிற அந்தப் பெண் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. டாக்டர் ஆகிவிட்டாள். நீ அடித்துச் சொன்னாயே, அதுதான்.

நூலகர் உன் கார்டை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதே மை டப்பாவை எடுத்தார். "உனக்கு ஒண்ணு போட்டுடலாம். அம்மாவை வரச் சொல்லும்மா."

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், என் சின்னக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவள் வாசலில் கோணி விரிக்காமல், நேரே உள்ளே போய் உட்கார வேண்டும்.