வலப்பக்கம் ஒடித்தால் வரும் சத்தம்

முனுசாமி மாமாவின் கால் போனதற்கு நான்தான் காரணம்.

கௌதம், பிரியா... ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் விற்கிறாரே, உங்களைக் கண்டால் கை நிறையப் பழம் திணித்து அனுப்புகிறாரே, அந்த மாமாதான். ஆறு வருடமாக இதை விழுங்கி வைத்திருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

எனக்கு இடது காது கேட்காது. உங்கள் அம்மாவுக்குச் சந்தேகம் உண்டு, நான் ஒப்புக்கொண்டதில்லை. உங்கள் தாத்தா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மெஷின் பிடித்தவர். அதில் இரண்டு காதும் போய்விட்டது. தெருவில் அவரைச் செவிட்டு டிரில்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பிள்ளையான நான், சத்தத்தை வைத்தே லாரியின் கோளாறைச் சொல்லிவிடுகிறவன் என்று பெயர் எடுத்தேன். காது போன பிறகும் அந்தப் பெயரை விட மனம் வரவில்லை...

அன்று முனுசாமி தன் முதலாளியோடு என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தார். அப்போது அவர் தக்காளி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ரைட்ல ஒடிச்சா முன்சக்கரம் கரகரன்னு அரைக்குதுடா. நேரா போனா ஒண்ணுமில்ல."

வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது முன்சக்கரத்தில் இறங்கும். அப்போது அரைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சக்கரத்தின் பேரிங்கை. பிரேக் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு வளைந்து உரசினாலும் சத்தம் வரும். ஆனால் அது மெல்லிய கீறல். பேரிங் சத்தம் கனமாக, மாவு மிஷின் மாதிரி வரும். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். சின்ன வேலை.

நான் முனுசாமிக்குப் பக்கத்தில், இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தேன். சக்கரம் இருந்தது என் செத்த காதின் பக்கம். நல்ல காதில் விழுந்ததெல்லாம் இன்ஜின் சத்தமும், எங்கோ ஒரு மெல்லிய உரசலும்தான்.

இறங்கியதும் ஜாக்கியை எடுக்கப் போனேன். நிஜமாகவே போனேன்... முதலாளி சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, காதுலயே சொல்லிடுவீங்கன்னு இட்டுகினு வந்தேன். நீங்களும் ஜாக்கிதானா? உங்கப்பா காது வந்துடுச்சா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"அட, தூக்கித்தான் பாக்கட்டுமேண்ணா," என்றார் முனுசாமி. அவர் ஒருவர்தான் அப்படிச் சொன்னார்.

"வேணாம். தகடுதான்," என்றேன்.

தகட்டை நெம்பி நிமிர்த்தினேன். முனுசாமி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் லேசா கேக்குதுடா," என்றார். லோடு ஏற்றினால் சரியாகிவிடும் என்றேன். எந்த மெக்கானிக்காவது அப்படிச் சொல்வானா? லோடு ஏறினால் பேரிங்குக்குச் சாவுதான் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை பேத்தமங்கலம் வளைவில், தக்காளி லோடோடு, சக்கரம் கழன்றது. லாரி கவிழ்ந்து முனுசாமியின் இடது கால் கேபினுக்குள் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லாரியை என் ஷெட்டுக்கே இழுத்து வந்தார்கள். நான்தான் பிரித்தேன். பேரிங் சூட்டில் வெந்து நீலம் பாய்ந்து, நொறுங்கி, கையில் உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற முதலாளி கேட்டார்: "வளைவுல வேகமா ஒடிச்சிருப்பானோ?"

"இருக்கும்," என்றேன்.

ஒரே ஒரு சொல்... முனுசாமியை அதன் பிறகு முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. இருபது வருடம் வண்டி ஓட்டிய மனிதருக்கு ஊரில் கண்மண் தெரியாமல் ஓட்டியவன் என்று பெயர். அவரே அதை நம்பிவிட்டார். "நான்தான்டா அவசரப்பட்டுட்டேன். நீ பாத்து வுட்ட வண்டிய கெடுத்துட்டேன்," என்று என்னிடமே வருத்தப்பட்டார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வது?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் வலப்பக்கம் இருந்தார். பழங்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏன்டா... அன்னிக்கி அது தகடுதானே?"

நல்ல காது. ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

"இன்னா? கேக்கல," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "ஊர் வண்டிக்கெல்லாம் காது வெச்சவன், உனக்கா கேக்கல? சரி வுடு, ஒண்ணுமில்ல."

அப்பா காது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஒரு மனிதனின் காலைத் தொலைத்தவன், அன்று அதே செவிட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

கிளம்பும்போது உங்களுக்கென்று ஆறு பழம் கட்டிக் கொடுத்தார். நீங்கள் ஜூஸ் போட்டுக் குடித்தீர்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தீர்கள்.

குடித்தேன்.