பின்சீட்டில் ஆள் இருந்தால் உரசும்

எதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். பட்டா, ரேஷன் கார்டு, கரண்டு பில், எதைக் கொண்டுவந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தப்பு கண்டுபிடித்துக் கொடுப்பேன். அப்பேர்ப்பட்ட நான் படிக்காமல் விட்டது ஒரே ஒரு சீட்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரம் இரண்டு நாள் காரிமங்கலத்திலிருந்து சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது, குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். எங்கள் பழைய காரின் பின்சீட்டில் தலையணை போட்டுப் படுத்துக்கொள்வாள். இரண்டு பேர் ஓட்டித் தீர்த்து எங்களிடம் வந்த கார் அது. டயர் நாலும் வழுக்கையாகிவிட்டன. மழைக்கு முன்னால் மாற்றிவிட நினைத்து, டயரின் பக்கவாட்டில் இருந்த அளவைக் குறித்துக்கொண்டு போய் தருமபுரியில் அதே அளவில் புதுசு போட்டு வந்தேன். அவளிடம் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்த தடவை சேலம் போகும்போது பள்ளத்தில் இறங்கினாலே பின்னால் சர்ரென்று சத்தம். நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால் இடது பின் டயரைச் சீவிவிட்ட மாதிரி இருந்தது. முன்னால் தொப்பூர் இறக்கம். லாரிகளே கவிழ்கிற இடம். "மெதுவாப் போலாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். நான் பயந்துபோய் வண்டியை ஊருக்கே திருப்பினேன். அங்கேயே ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டிருக்கலாம். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

டயர்க்கடைக்காரர் ஜாக்கி போட்டுப் பார்த்தார். "அண்ணா, இது கம்பெனி வீலே இல்லீங்க. முன்ன வெச்சிருந்தவரு பெரிய வீலு மாட்டியிருக்காரு. பழைய டயரு தேஞ்சு கெடந்ததால உரசாம ஓடியிருக்கு. இப்ப பின்சீட்டுல ஆள் இருந்தா உரசும். டிரைவர் கதவுகிட்ட கம்பெனி ஒட்டுன சீட்டு இருக்கும், அதுல சரியான அளவு போட்டிருப்பான், பாருங்க."

கதவைத் திறந்தேன். சீட்டு இருக்கவேண்டிய இடத்தில் வேளாங்கண்ணி மாதா இருந்தாள். கார் வாங்கிய வாரம் பாதரிடம் மந்திரித்துக்கொண்டு வந்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் கை படட்டும் என்று என் மனைவி ஒட்டிய படம். அந்த இடத்தைக் காட்டியது நான்தான். ஏதோ மங்கிப்போன காகிதம், மறையட்டும் என்றேன்.

சுரண்ட மனசு வரவில்லை. வீட்டில் சொன்னபோது சிரித்துவிட்டாள். "சுரண்டுங்க. மாதா கோச்சுக்கமாட்டா." மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். மாதா துண்டு துண்டாக வந்தாள். அடியில் அளவு பளிச்சென்று இருந்தது. பதிமூன்று அங்குலம். எங்கள் வண்டியில் கிடந்தது பதினாலு.

பதிமூன்றில் டயர் எங்கும் கிடைத்தது. அந்தக் காரின் போல்ட்டுக்குப் பொருந்தும் வீல்தான் கிடைக்கவில்லை. அரூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று பழைய இரும்புக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். கிடைத்த இரண்டும் நெளிந்தவை. டயர்க்கடைக்காரரிடமும் சொல்லிவைத்தேன். சேலத்துக்கு வாடகைக் காரில் போய்வந்தோம். ஆனால் பாதி வழியில் திரும்பி டயாலிசிஸ் தவறிய அந்த ஒரு நாளிலிருந்து அவள் உடம்பு தேறவே இல்லை. மூச்சுக்குத் தவித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். அந்த ஒரு நாளால் இல்லை என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷர். நான் நம்பவில்லை.

போன வாரம் டயர்க்கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணா, நாலு வீலும் கெடச்சிருச்சு, வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்சீட்டில் தலையணை அப்படியே கிடந்தது. தருமபுரி வரைக்கும் பள்ளம் பார்த்துப் பார்த்து இறக்கினேன். ஒரு சத்தமும் வரவில்லை.

கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் உரசுதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.