கொட்டகைக்கு வந்த கரண்டு

கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பலாமரத்துக்கு அப்பால் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை உண்டு. வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள், யாரும் தொடாமல், அங்கேதான் இருக்க வேண்டும். காக்கை தொட்டுவிட்டது என்பதே எனக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆறு வயதில் திருவனந்தபுரத்துக் காக்கைகள் அத்தனையோடும் நான் பகை.

அந்த வருஷம் அக்காவுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை. நாள் கணக்குப் பார்த்த அம்மா, பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளில் அவள் கொட்டகையில் இருப்பாள் என்று கண்டுகொண்டாள். ஓலைக்கு அடியில் அரிக்கேன் விளக்கு வைத்தால் தீப்பிடிக்கும் என்று அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா, மூன்று ராத்திரி படிக்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்றார். அம்மாவின் தம்பியான மாமா, துணிக்கொடியோடு ஒரு வயரைச் சுற்றி, வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கரண்டு இழுத்துவிடுவதாகக் கிளம்பினார். அந்தக் கொடியில் ஈரத்துணி போடப்போவது யார் என்று அம்மா கேட்டாள். மாமா வயரைக் கீழே வைத்தார்.

“லைட்டும் வரணும், ஒருத்தரும் சாகவும் கூடாது. லைசென்ஸ் உள்ள ஆளைக் கூட்டிண்டு வாடா” என்றாள் அம்மா.

வந்த மலையாளி வயர்மேன், வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோனார். கிணற்றடியில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் வைத்தார். வேடிக்கை பார்த்த என்னையும் எச்சரித்தார்.

“மோனே, கரண்டு பிடிச்ச ஆளைக் கையால தொடக்கூடாது, கேட்டோ. காஞ்ச கம்பால தள்ளணும்.”

அதிலிருந்து எனக்குக் கரண்டைப் பற்றியே நினைப்பு. சோறுகூட, வழக்கமான அளவுதான் இறங்கியது.

அக்கா கொட்டகைக்குப் போன முதல் சாயங்காலம் சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் அவள் சிரிக்க, நான் அவளிடம் ஓடினேன்.

“அவளைத் தொடாதேடா!” என்று பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

மாதாமாதம் கேட்கிற வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு என் மூளைக்கு வேறு அர்த்தம் பட்டது. பக்கத்தில் சாத்தியிருந்த, துணி உலர்த்தும் கொம்பை எடுத்து அக்காவின் விலாவில் ஓங்கித் தள்ளினேன். அவள் கணக்குப் புத்தகத்தோடு பாயில் போய் விழுந்தாள்.

“என்னடா பண்றே, பைத்தியமே?”

“உன்னைக் காப்பாத்தறேன்” என்று சொல்லிவிட்டு, வீரனுக்கு உரிய முறையில் ஓவென்று அழுதேன்.

மாமா சிரித்துச் சிரித்து இருமினார். அம்மா சிரிக்கவில்லை. அக்கா படிக்க வேண்டும் என்று சொல்லி எங்கள் எல்லோரையும் உள்ளே விரட்டினாள்.

அக்கா பரீட்சை எழுதி முடித்த வாரம் அம்மாவின் முறை வந்தது. அடுக்களையில் அப்பா புகையோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அம்மா பல்புக்கடியில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அக்கா விட்டுப்போன சரித்திரப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். காப்பிப்பொடி டப்பா எங்கே என்று அப்பா கொல்லைப்பக்கம் வந்து கேட்டார். மறுபடியும் கேட்டார். அவள் திரும்பவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

அப்பாமேல் அவளுக்கு ஏதோ கடுங்கோபம் என்று முடிவுகட்டி, டப்பாவைத் தேட நான் உள்ளே ஓடினேன்.